மறதியுற்ற முதியோரும் குடும்பத்தாரின் சாட்சியும்: வேலூர் வட்டார மருத்துவப்பணி வரலாறு உணர்த்துவது

முன்னுரை

முதுமையில் நினைவும் அறிவும் படிப்படியாகக் குலைந்துவரும் ஒருவர் நலமாக வாழ்கின்றாரா என்ற வினாவிற்கு விடையளிக்கத் தகுந்தவர் யார்? மருத்துவர் அவரைச் சில நிமிடங்களே காண்கின்றார். போதகர் மாதத்திற்கு ஒருமுறை திருவிருந்துப் பாத்திரத்துடன் வருகின்றார். முதியவரோ தம் நிலையைக் கோவையாக எடுத்துரைக்கும் ஆற்றலை நாளுக்கு நாள் இழந்துவருகின்றார். ஆகவே வினா குடும்பத்தாரிடம் செல்கின்றது. "அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று மகனிடமோ மருமகளிடமோ கேட்கிறோம், அவர்கள் கூறும் விடையை எழுதிக்கொள்கிறோம், அதன்மேல் மருத்துவமும் அரசின் திட்டமும் திருச்சபையின் ஆறுதலும் கட்டப்படுகின்றன.

இவ்விடையை எவ்வளவு நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதனைப் பொதுப்பட ஆராயாமல், வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் மருத்துவப்பணி வரலாற்றைக்கொண்டு ஆராய்வோம். நோயுற்றவருக்காகக் குடும்பம் பேசுவதும், பேச மறுப்பதும், உடனிருப்பதும் கடந்த நூற்றுமுப்பது ஆண்டுகளாக இவ்வட்டாரத்தில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ள பிரச்சினையாகும்.

1. சொல்லும் பொருளும்

முதுமையில் அறிவு குலையும் நிலையை நம் மக்கள் நெடுங்காலமாக அறிவர். "புத்தி தடுமாறுகிறது", "நினைவு தப்பிவிட்டது", "குழந்தையாகிவிட்டார்" என்பன வீடுகளில் வழங்கும் சொற்கள். ஈழத்தமிழர் "அறளை பெயர்தல்" என்பர். இச்சொற்களில் எதுவும் நோயின் பெயரன்று. வயதின் இயல்பைக் குறிப்பனவே. மருத்துவர்கள் டிமென்ஷியா என்று வழங்குவதை இன்று "முதுமை மறதிநோய்" என எழுதுகிறோம். ஆனால் மறதி இதன் ஒரு கூறு மட்டுமே. காலமும் இடமும் மயங்குதல், பழகிய முகம் அறியாமை, சொல் வராமை, ஆடையுடுத்தவும் உண்ணவும் மறத்தல், காரணமற்ற ஐயம், இரவில் உறங்காது நடத்தல் ஆகியனவும் இதில் அடங்கும்.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்ஸ்ஹைமர் 1901-இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் ஐம்பத்தோரு வயதுடைய ஒரு பெண்ணைக் கண்டு, அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, 1906-இல் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். 1910-இல் அந்நோய் அவர் பெயரைப் பெற்றது. மறதிநோய் வகைகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மூளையின் இரத்தக்குழாய் அடைப்பால் வருவது மற்றொரு வகை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி-12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் தோன்றும் தடுமாற்றம் மருத்துவத்தால் தணியக்கூடியது. எனவே "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுவது ஆபத்தானது என்பதைப் போதகர் முதற்கண் அறிந்திருத்தல் வேண்டும்.

இன்னொரு சொல்லும் விளக்கம் வேண்டி நிற்கின்றது. "வாழ்க்கைத்தரம்" என்றவுடன் ஊதியம், வீடு, மின்விளக்கு ஆகியனவே நம் நினைவிற்கு வருகின்றன. இங்கே நாம் கருதுவது அதுவன்று. தம் வாழ்வு தமக்கு எப்படிப் படுகின்றது என்ற ஒருவரின் உள்ளுணர்வையே உலக நலவாழ்வு நிறுவனம் 1990-களில் இச்சொல்லின் பொருளாக வரையறுத்தது. அதற்கென உருவாக்கப்பெற்ற வினாத்தாளைச் சோதித்த மையங்களுள் சென்னையும் புதுதில்லியும் இருந்தன. வரையறையின் நடுமையம் "தாமே உணர்வது" என்பது. தம் உணர்வைச் சொல்ல இயலாதவரிடத்தில் இவ்வரையறை தடுமாறுகின்றது. அத்தடுமாற்றத்தில்தான் குடும்பம் சாட்சியாக முன்வருகின்றது.

2. மிஷன் மருத்துவமும் குடும்பமும்

ஸ்கடர் குடும்பத்தார் 1853-இல் நிறுவிய ஆர்க்காடு மிஷன் இவ்வட்டாரத்தில் மருத்துவப் பணிக்கு வித்திட்டது. அக்குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் அழைப்பு வரலாறு நம்மில் அனைவரும் கேட்டதே. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆடவர், பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவும்படி தனித்தனியே அவரை அழைக்க வந்தனர். அவரோ மருத்துவரல்லர். மருத்துவரான தந்தையை அழைத்துச்செல்லும்படி கூறியபோது, அந்நிய ஆடவர் தம் மனைவியரைத் தொடலாகாது என மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். பெண் மருத்துவரின் தேவையை உணர்த்தவே இச்சம்பவத்தை நாம் வழக்கமாகக் கூறுகின்றோம். ஆனால் அதில் மற்றோர் உண்மையும் உண்டு. அம்மூன்று பெண்களின் விருப்பம் யாதென எவரும் கேட்டதாக அவ்வரலாற்றில் இல்லை. குடும்பம் அவர்களுக்காகப் பேசியது. அதுவும் அன்பில்லாமல் பேசவில்லை, மனைவியரைக் காக்கவே அவர்கள் இரவில் ஓடிவந்தனர். அன்பும் தவறான சாட்சியாகக்கூடும் என்பதற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வேலூரில் 1900-இல் ஒரே படுக்கையுடன் தொடங்கிய பணி, 1902-இல் ஷெல் நினைவு மருத்துவமனையாகவும், 1918-இல் பெண்கள் மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்து, இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாயிற்று. மேற்கே ஆம்பூரில் மிசூரி லூத்தரன் மிஷன் 1920-களில் பெத்தேஸ்தா மருத்துவமனையை எழுப்பியது. இம்மருத்துவமனைகளுக்கு நோயாளி தனியே வருவதில்லை. பாயும் பாத்திரமும் சுமந்துகொண்டு உறவினரும் வருவர், சமைப்பர், இரவில் கட்டிலருகே படுப்பர்.

இதற்கு நேர்மாறான காட்சியைத் தொழுநோய்ப் பணியில் காண்கிறோம். 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அங்கே வந்தவர்களுள் பலருக்கு உடன்வர எவருமில்லை. நோயின் பெயரைக் கேட்டவுடன் குடும்பம் கதவை அடைத்திருந்தது. அவர்களுக்காகப் பேசக் குடும்பம் இல்லாதபடியால், மருத்துவர்கள் அவர்களிடமே கேட்கவேண்டியதாயிற்று.

மூன்றாவது கட்டம் பாகாயத்தில் தோன்றியது. 1950-களில் கனடா நாட்டு மருத்துவரான ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் அங்கே மனநல மையம் உருவாயிற்று. மனநோயாளரைப் பூட்டிய வளாகங்களில் குடும்பத்தினின்று பிரித்துவைப்பதே அக்காலத்து வழக்கம். அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர் அவ்வழக்கத்தை மாற்றி, மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமடித்து உறவினரைத் தங்கச் செய்தார். வேலூர் மையம் ஒருபடி மேற்சென்று, குடும்பத்தார் ஒருவரேனும் உடன்தங்குதல் வேண்டும் என்பதையே தன் முறையாக்கிக்கொண்டது. 1963-இல் அம்மையத்தைச் சார்ந்த இருவர் அமெரிக்க மனமருத்துவ ஏடொன்றில் இம்முறையை விவரித்தபோது, வெளிநாட்டவர் வியந்து நோக்கினர். செவிலியர் பற்றாக்குறை இதற்கொரு காரணமாயினும், அதனால் விளைந்த நன்மை பெரிது. குடும்பம் நோயைக் கண்ணாரக் கண்டு கற்றது. நோயாளி வீடு திரும்பியபோது அவருக்கு ஓரிடம் காத்திருந்தது.

இங்ஙனம் குடும்பம் முதலில் நோயாளிக்காகத் தீர்மானிப்பதாகவும், பின்னர் நோயாளியைத் தள்ளிவிடுவதாகவும், அதன்பின் நோயாளியுடன் மருத்துவமனைக்குள் நுழைவதாகவும் மூன்று முகங்களைக் காட்டியுள்ளது. நான்காவது முகம் கணியம்பாடியில் வெளிப்பட்டது.

3. கணியம்பாடி தந்த எண்கள்

வேலூரையடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை பல்லாண்டுகளாகப் பணியாற்றி வருகின்றது. பிறப்பும் இறப்பும் வீடுவாரியாகப் பதியப்பெறும் ஊர்கள் அவை. 1998-இல் உலகளாவிய ஆய்வுக்குழு ஒன்று கொச்சியில் உருப்பெற்றது. மறதிநோயுற்றோரில் மூவரில் இருவர் அப்போது வளரும் நாடுகளில் வாழ்ந்தனர். ஆனால் ஆராய்ச்சிகளில் பத்திலொரு பங்குகூட அவர்களைப்பற்றி நடைபெறவில்லை. இவ்வுண்மையைச் சுட்டவே அக்குழு "பத்து அறுபத்தாறு" என்று பெயர் பூண்டது. இந்தியாவில் மக்களிடையே வீடுவீடாகச் செய்யும் ஆய்விற்கு நகர்ப்புறமாகச் சென்னையும், சிற்றூர்ப்புறமாக வேலூர் வட்டாரமும் தெரிந்துகொள்ளப்பட்டன. வேலூர்ப் பணிக்கு மனமருத்துவர் கே. எஸ். ஜேக்கப் தலைமை தாங்கினார். அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் ஏறத்தாழ ஆயிரவர் ஒவ்வோரிடத்திலும் ஆராயப்பெற்றனர்.

ஏழு நாடுகளில் பதினோரிடங்களில் 14,960 பேரை ஆராய்ந்த இப்பணியின் முடிவு 2008-இல் லான்செட் ஏட்டில் வெளியாயிற்று. அமெரிக்க மனமருத்துவக் கழகத்தின் 1994-ஆம் ஆண்டு அளவுகோலால் கணக்கிட்டபோது, கியூபாவில் நூற்றுக்கு 6.3 பேர் மறதிநோயுற்றிருந்தனர். நம் வேலூர்ச் சிற்றூர்களிலோ 0.3 மட்டுமே. ஆயிரத்தில் மூவர்! ஆனால் படிப்பறிவற்ற மக்களுக்கும் பொருந்துமாறு அக்குழு தானே வகுத்த அளவுகோலால் கணக்கிட்டபோது, எல்லா இடங்களிலும் எண்ணிக்கை நூற்றுக்கு 5.6-க்கும் 11.7-க்கும் இடையே அமைந்தது. ஒரே மக்கள், ஒரே வீடுகள், ஆனால் இருவேறு விடைகள்.

இவ்வேறுபாட்டின் காரணம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. முதல் அளவுகோலின்படி, நினைவு குறைந்தால் மட்டும் போதாது. அக்குறை அன்றாட வாழ்வையும் சமுதாய வாழ்வையும் கெடுத்திருத்தல் வேண்டும். கெடுத்ததா என்பதைக் குடும்பத்தாரே சொல்லவேண்டும். வளர்ச்சி குன்றிய இடங்களில் குடும்பத்தார் அவ்வாறு சொல்வது அரிதாயிருந்தது. பாட்டியார் சந்தைக்குப் போவதில்லை, பணத்தை எண்ணுவதில்லை, சோறு தட்டில் வருகின்றது, பேரன் கைபிடித்து வெளியே அழைத்துச் செல்கின்றான். அவரிடம் எவரும் எதனையும் எதிர்பார்க்காதபடியால், அவர் இழந்தது எவருக்கும் இழப்பாகத் தோன்றவில்லை.

இதனை இருவகையாக விளங்கிக்கொள்ளலாம். ஒன்று, நம் குடும்ப அமைப்பு முதியவரின் குறையைத் தாங்கி மறைத்து, அவர் மதிப்போடு வாழ வழிசெய்கின்றது; எனவே அங்கே நோய் துன்பமாக மாறவில்லை என்பது. மற்றொன்று, துன்பம் இருந்தும் கவனிக்கப்படவில்லை என்பது. முதல் விளக்கத்தில் உண்மை உண்டு. அதனை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆனால் இரண்டாம் அளவுகோல் கண்டறிந்தோரிடையே உடல் இயலாமை மிகுந்திருந்தது. சென்னையில் அத்தகையோரை மூன்றாண்டுகள் கழித்து மீண்டும் நாடிச் சென்றபோது, மற்றவரைவிட அவர்களுள் மிகுதியானோர் இறந்திருந்தனர். இதே கணியம்பாடியில் முதியோரிடையே தற்கொலை மிக மிகுதியாயிருப்பதை அக்கல்லூரியின் மருத்துவர்களே 2005-இல் வெளியிட்டனர். நம் சிற்றூரில் முதியோர் அனைவரும் நிறைவாக வாழ்கின்றனர் என்ற நம்பிக்கையை இவ்வுண்மைகள் அசைக்கின்றன. குடும்பம் "ஒன்றுமில்லை" என்று சொல்வதால் ஒன்றுமில்லை என்றாகிவிடாது.

இந்தியா முழுவதற்கும் 2023-இல் வெளிவந்த மதிப்பீடு, அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுற்றிருப்பதாகக் கூறுகின்றது. சராசரியாக நோக்கின், அறுபது கடந்தோர் ஐம்பதின்மர் உள்ள ஒரு சபையில் மூவர் அல்லது நால்வர் இந்நிலையில் இருக்கக்கூடும். அவர்களின் பெயரைப் போதகர் அறிவாரா?

4. குடும்பச் சாட்சியின் ஆற்றலும் எல்லையும்

பிற மாநிலங்களில் நிகழ்ந்த ஆய்வுகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. கோவாவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், மறதிநோயின் அடையாளங்களை மக்கள் நன்கறிந்திருந்தும் அதனை நோயாகக் கருதவில்லை. பிள்ளைகளின் அன்பின்மையாலும் புறக்கணிப்பாலும் வந்ததென்றே பலர் கருதினர். கேரளத்தில் திருச்சூரில் மருத்துவர் கே. எஸ். ஷாஜியும் உடனுழைத்தோரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்போர் பெரும்பாலும் பெண்கள். நோயாளியின் செயல்களை வேண்டுமென்றே செய்யும் குறும்பென அவர்கள் எண்ணி வருந்தினர். "இப்பொழுதுதான் உண்டீர்கள்" என்று மருமகள் சொல்ல, "எனக்குச் சோறே போடவில்லை" என்று மாமியார் அண்டைவீட்டாரிடம் முறையிட, ஊரார் மருமகளைத் தூற்றும் நிலையை நாமும் நம் தெருக்களில் கண்டிருக்கிறோம். நோயினால் வந்த சொல் குற்றச்சாட்டாகின்றது, கவனிப்பவளே குற்றவாளியாகின்றாள்.

கூட்டுக் குடும்பம் இருப்பதால் நம் நாட்டில் பராமரிப்போருக்குச் சுமை குறைவு என்பது பொதுவான எண்ணம். இந்தியா உட்படப் பல நாடுகளில் 706 குடும்பங்களை ஆராய்ந்து 2004-இல் வெளிவந்த அறிக்கை இவ்வெண்ணத்தை மறுத்தது. வீட்டில் ஆட்கள் மிகுந்திருந்தால் சுமை ஓரளவு குறைவது மெய்யே. ஆயினும் பராமரிப்போரின் மனவேதனை மேனாடுகளில் உள்ளதற்குச் சற்றும் குறையவில்லை. பலர் வேலையைக் குறைத்துக்கொண்டிருந்தனர்.

வாழ்வின் நிறைவை அளக்க அமெரிக்காவில் ரெபெக்கா லாக்ஸ்டன் என்பார் 1999-இல் பதின்மூன்று வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். உடல்நலம், மனநிலை, நினைவு, குடும்பம், நண்பர், பணம், முழு வாழ்வு ஆகியன பற்றி நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் அதே வினாக்கள் தனித்தனியே கேட்கப்படும். கடுமையாக நோயுற்றவரல்லாத பலரும் தாமே விடையளிக்க வல்லவராயிருந்தனர். பல நாடுகளிலும் மீண்டும் மீண்டும் கண்ட முடிவு இதுதான்: நோயாளி தம் வாழ்விற்குத் தரும் மதிப்பெண்ணைவிடக் குடும்பத்தார் தரும் மதிப்பெண் குறைவு. மேலும், பராமரிப்பவர் சோர்ந்திருக்குமளவிற்கு அவர் தரும் மதிப்பெண்ணும் தாழ்கின்றது.

இதனால் குடும்பத்தார் பொய் கூறுகின்றனர் என்பதன்று. மகள் தன் தாயைப் பார்க்கும்போது முந்தைய தாயையும் சேர்த்தே பார்க்கின்றாள். ஞாயிறு பள்ளியில் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர் இன்று தன் பெயரையே மறந்தார் என்பது மகளின் துயரம். தாய்க்கோ, வெயிலில் உட்கார்ந்து தேநீர் பருகும் இந்நேரம் இனியதாயிருக்கலாம். மகள் சொல்வது இருவரின் வாழ்வையும் கலந்த ஒரு சாட்சி. அதில் அவளுடைய உறக்கமற்ற இரவுகளும், உடன்பிறந்தோர்மேல் உள்ள மனத்தாங்கலும், ஊரார் சொல்லுக்கு அஞ்சும் அச்சமும் சேர்ந்துள்ளன. வேலூரின் ஆய்வில் குடும்பம் குறையை மறைத்தது; இவ்வளவுகோலில் குடும்பம் குறையை மிகுத்தது. இரண்டிற்கும் ஊற்று ஒன்றே: சாட்சி சொல்பவர் தம் நிலையிலிருந்தே சொல்கின்றார்.

5. தோல் தொழில் மாற்றிய வீடு

வேலூர் ஆய்வு கண்ட குடும்பம் இன்றும் அவ்வாறே உள்ளதா? வாலாஜா, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இவ்வட்டாரத்தில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுதல் பழைய தொழில். 1970-களில் அரசு பச்சைத்தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய பொருள்களை ஊக்குவித்தது. அதன்பின் ஆம்பூரைச் சூழ்ந்து காலணித் தொழிற்சாலைகள் பெருகின. டேனரியில் ஆடவர் மிகுதி; "ஷூ கம்பெனி"யிலோ மேல்தோல் தைக்கும் பிரிவில் பெண்களே மிகுதி. விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகள் சிற்றூர்கள்தோறும் நின்று இளம்பெண்களையும் மருமக்களையும் ஏற்றிச் செல்கின்றன.

இது பெண்களுக்கு விடுதலை தந்தது, அதனைக் குறைகூறுவதற்கில்லை. பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் வீட்டுக்கடனும் அவ்வூதியத்தால்தான் நிறைவேறுகின்றன. ஆனால் முதியோரைப் பார்த்துக்கொள்வது இயல்பாக நடைபெறும் என்று நாம் எண்ணியிருந்தபோது, அவ்வியல்பின் பெயர் மருமகள் என்பதை மறந்திருந்தோம். அவள் இன்று பகலெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் இருக்கின்றாள். மகப்பேற்றுக்கு விடுப்பளிக்கும் சட்டம் உண்டு. மறதியுற்ற மாமியாரைக் கவனிக்க அவளுக்கு விடுப்பளிக்கும் சட்டமில்லை. அவள் வேலையை விட்டால் வீட்டின் வருவாய் குன்றும். விடாவிடில் முதியவர் பூட்டிய வீட்டினுள் தனியே இருப்பார். பூட்டுவது கொடுமை என வெளியிலிருப்போர் எளிதில் கூறுவர். பூட்டாத நாளில் அவர் நெடுஞ்சாலையை நோக்கி நடந்துவிடுவார் என்பதை அவள் மட்டுமே அறிவாள்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகையைப் பெற்றுத்தர வல்லது. அருகிருக்க ஓர் ஆளை அது தராது. 1992-இல் கொச்சியில் தொடங்கிய ஆல்ஸ்ஹைமர் நோய்ச் சங்கமும், 1984-இல் சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனமும் மறதியுற்றோருக்கும் குடும்பத்தாருக்கும் தொண்டாற்றி வருகின்றன. நம் சிற்றூர்க் குடும்பங்களுக்கு அத்தகைய உதவி எட்டுவது அரிது. வேறு வழியின்றி முதியோர் இல்லத்தில் சேர்த்தவர்களோ வெட்கத்தால் சபையினின்றே ஒதுங்கிவிடுகின்றனர்.

6. திருமறையின் ஒளியில்

இப்பிரச்சினைக்குத் திருமறையில் நேரடி விடை தேடுவது முறையன்று. ஆயினும் இரு முதியோரின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

கீலேயாத்தியனான பர்சிலா எண்பது வயதினர் (2 சாமுவேல் 19:31-39). தாவீது நன்றியுணர்வுடன் அவரை எருசலேமிற்கு அழைத்துப் பராமரிக்க முன்வருகின்றார். பர்சிலா தம் நிலையைத் தாமே மதிப்பிட்டுரைக்கின்றார்: உணவின் சுவை குன்றியது, பாடகரின் இசை காதில் ஏறுவதில்லை. அரண்மனை வாழ்வு தமக்கு வாழ்வன்று. தம் ஊரில், பெற்றோரின் கல்லறையருகே இறப்பதே தம் விருப்பம் என்கின்றார். தாவீதின் பெருமை அழைத்ததில் மட்டுமன்று, கேட்டதிலும், கேட்டபின் முத்தமிட்டு அனுப்பியதிலும் உள்ளது. பர்சிலா மறதியுற்றவரல்லர் என்பது மெய்யே. ஆயினும் பராமரிப்பவர் நல்லதென நினைப்பதும் பராமரிக்கப்படுபவர் நல்லதென உணர்வதும் வேறாகலாம் என்பதை இப்பகுதி தெளிவாக்குகின்றது.

ஈசாக்கின் வரலாறு மறுபக்கத்தைக் காட்டுகின்றது (ஆதியாகமம் 27). கண்மங்கிய முதியவரைச் சூழ்ந்து குடும்பம் தன் திட்டங்களைத் தீட்டுகின்றது. இங்கே நாம் கவனியாது விடும் ஒன்றுண்டு: ஈசாக்கு ஐயுற்றார். குரல் ஒருவனுடையதாகவும் கை மற்றவனுடையதாகவும் இருப்பதை அவர் உணர்ந்தார். உணர்ந்ததைச் சொல்லியும் பயனில்லை. தடுமாறும் முதியவர் முழுதும் அறியாதவரல்லர். சொத்துப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் வேளையில் சாட்சிக் கையெழுத்திடப் போதகரை அழைக்கும் வீடுகள் உண்டு. அவ்வேளையில் இவ்வதிகாரம் நம் நினைவிற்கு வருதல் நலம்.

1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரம் குடும்பத்தின் கடமையைக் கண்டிப்பாக உரைக்கின்றது. கொர்பான் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுவதை ஆண்டவரும் கடிந்தார் (மாற்கு 7:9-13). ஆனால் அதே தீமோத்தேயு நிருபம் உண்மையான விதவைகளைச் சபை தாங்கவேண்டும் என்றும் கூறுகின்றது. முதற்பகுதியைப் பிரசங்கித்து இரண்டாம் பகுதியை விட்டுவிடும் சபை, சுமையைக் கட்டி மருமகளின் தோள்மேல் வைத்துத் தன் விரலாலும் தொடாத சபையாகும்.

தற்காலச் சிந்தனையாளர் இருவர் இங்கே துணைநிற்பர். ஆங்கிலிக்கன் குருவாகப் பணிதொடங்கிப் பின்னர் பிராட்போர்டில் உளவியல் கற்பித்த டாம் கிட்வுட், 1997-இல் வெளியிட்ட நூலில், மறதியுற்றவரின் ஆள்தன்மை பிறரோடுள்ள உறவில் நிலைநிறுத்தப்படுகின்றது என்றார். அவரைக் குழந்தைபோல் நடத்துவது, அவர் இல்லாததுபோல் அவர் முன்னேயே பேசுவது, ஏமாற்றுவது ஆகியன நோயைவிட விரைவாக அவரை அழிக்கும் என்றார். அவர் குடும்பத்தாரிடம் கேட்பதோடு நில்லாமல், நோயாளியின் அருகிலமர்ந்து முகக்குறிப்பையும் அசைவையும் மணிக்கணக்காகக் கவனித்துப் பதியும் முறையை வகுத்தார். சொல் இழந்தவரும் தம் வாழ்வைப்பற்றிச் சாட்சி கூறுகின்றார். அதனைக் கேட்கக் கண் வேண்டும் என்பது இதன் பொருள். எனினும், உறவே ஆள்தன்மையைத் தருமாயின் உறவினரால் கைவிடப்பட்டவரின் நிலை யாது? ஸ்காட்லாந்தின் ஜான் சுவிண்டன் 2012-இல் இவ்வினாவை எதிர்கொண்டார். நாம் தேவனை நினைப்பதில் அன்று, தேவன் நம்மை நினைப்பதில்தான் நம் அடையாளம் தங்கியுள்ளது என்பது அவர் தரும் விடை. கருவிலிருந்து நரைவயதுவரை சுமப்பவர் என்று ஏசாயா 46 அறிவிப்பதும் இதுவே.

7. திருச்சபையின் பணி

இவற்றினின்று நம் பணிக்குச் சில தெளிவுகள் பிறக்கின்றன. முதலாவது, வீட்டுச் சந்திப்பில் போதகர் முதலில் முதியவரிடம் அமர்ந்து, அவர் பெயர் சொல்லி அழைத்து, அவரிடமே நலம் கேட்கவேண்டும்; விடை பொருளற்றதாயினும் பொறுமையுடன் கேட்கவேண்டும். பேச்சு மறைந்தபின்னும் பழைய கீர்த்தனைகள் பலரிடம் நிலைத்திருக்கின்றன. ஓரடி எடுத்துக்கொடுத்தால் தொடர்ந்து பாடுவோர் உண்டு. அதுவும் ஒரு சாட்சியே.

இரண்டாவது, பராமரிப்பவரிடம் தனியே பேசுதல் வேண்டும். மாமியாரைப்பற்றி மட்டுமன்று, அவளைப்பற்றியும் கேட்கவேண்டும். அவள் உறங்குகின்றாளா, கடைசியாக எப்போது ஆலயத்திற்கு வந்தாள் என்பவை சிறிய வினாக்களல்ல. கோவாவில் 2008-இல் வெளியான ஆய்வொன்று, பயிற்சி பெற்ற எளிய பணியாளர் வீட்டிற்கே சென்று பராமரிப்போருக்கு நோயை விளக்கி வழிகாட்டியபோது, அவர்களின் மனநலம் மேம்பட்டதைக் காட்டியது. இதற்குப் பெரிய கட்டடம் வேண்டுவதில்லை. பெண்கள் ஐக்கியச் சங்கத்தினர் இருவர் வாரத்தில் ஒருநாள் முதியவருடன் அமர்ந்தால், அவ்விரு மணிநேரம் அவள் வெளியே சென்றுவரலாம்.

மூன்றாவது, திருவிருந்து. தன்னைத்தான் சோதித்தறிய இயலாதவருக்கு அப்பமும் ரசமும் அளிக்கலாமா எனச் சபை மூப்பர் தயங்குவதுண்டு. பவுல் கொரிந்துவில் கண்டித்தது எளியோருக்காகக் காத்திராமல் உண்டவர்களையே (1 கொரிந்தியர் 11:17-34). சரீரத்தை நிதானித்தறிய வேண்டிய கடமை சபையினுடையது. மறதியுற்ற அங்கத்தை மறந்து பந்தியில் அமரும் சபைதான் தன்னைச் சோதித்தறிய வேண்டும்.

நான்காவது, முதியோர் இல்லத்தில் சேர்க்கும் குடும்பத்தைக் குற்றவாளியாகக் கருதலாகாது. இல்லத்தில் சேர்த்தல் கைவிடுதலன்று. சேர்த்தபின் செல்லாதிருத்தலே கைவிடுதல். சபையின் பெயர்ப்பட்டியலிலிருந்து அவர் பெயரை நாமும் எடுத்துவிடாதிருப்போமாக.

முடிவுரை

திண்டிவனத்து இரவில் குடும்பம் பேசியது, நோயுற்றவர் கேட்கப்படவில்லை. கரிகிரியில் குடும்பம் இல்லை. நோயுற்றவர் தாமே பேசினார். பாகாயத்தில் குடும்பமும் நோயுற்றவரும் ஒரே கூரையின்கீழ் வந்தனர். கணியம்பாடியில் குடும்பத்தின் சொல்லே எண்ணிக்கையைத் தீர்மானித்தது. அதன் குறையும் வெளிப்பட்டது. குடும்பத்தின் சாட்சியை நாம் தள்ள முடியாது. இரவெல்லாம் விழித்திருப்பவர் அவர்களே. ஆனால் ஒரே சாட்சியால் காரியம் நிலைவரப்படுவதில்லை என்பது மோசேயின் பிரமாணத்திலேயே உள்ள நெறி (உபாகமம் 19:15). இரண்டாம் சாட்சி அந்த முதியவரே. அவர் சொல்லாலும், சொல் போனபின் முகத்தாலும் கைப்பற்றலாலும் பேசுகின்றார். இருவர் சொல்வதையும் ஒரே திண்ணையில் அமர்ந்து கேட்கும் மூன்றாமவராகத் திருச்சபை இருக்க அழைக்கப்பட்டுள்ளது.